இரண்டு நாட்காட்டிகளுக்கு நடுவே ஒரு மாலை வகுப்பு: சுங்கை சிப்புட் அனுபவங்கள்

ஒருங்கிணைப்பாளரின் பகிர்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தில், சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தமிழ்வழித் தொடக்கப்பள்ளியாக இயங்கும் தமிழ்ப்பள்ளி ஒன்றில் எங்கள் பல்கலைக்கழகம் நடத்திவரும் மாலை வகுப்புத் திட்டத்தைச் சில ஆண்டுகளாக நான் ஒருங்கிணைத்து வருகிறேன். இரண்டாம் ஆண்டு முதல் ஐந்தாம் ஆண்டு வரையிலான பிள்ளைகள் பள்ளி முடிந்ததும் அங்கேயே தங்கிச் சாப்பிட்டுவிட்டு, பல்கலைக்கழக மாணவர்களிடம் வாசிப்பும் கணிதமும் மலாய்மொழியும் பயில்கிறார்கள். இப்படியொரு திட்டத்தைத் தங்கள் ஊரில் தொடங்க நினைப்பவர்கள் பெரும்பாலும் நிதியைப் பற்றியும் பாட நூல்களைப் பற்றியும்தான் என்னிடம் கேட்கிறார்கள். அவை அலைந்து திரிந்தால் கிடைத்துவிடும். எளிதில் கிடைக்காதது, ஒரு பிள்ளைக்கு ஒரே பயிற்றுநர் நீண்ட காலம் துணையாக இருப்பது. நான் செய்யும் நிர்வாக வேலையில் பெரும்பகுதி அதைக் காப்பாற்றுவதிலேயே கழிகிறது.

சிக்கலின் வேர் நாட்காட்டியில் இருக்கிறது. அரசுப் பல்கலைக்கழகங்களில் ஒரு பருவம் என்பது ஏறத்தாழ 14 வார விரிவுரை. நடுவில் ஒரு விடுமுறை, பிறகு மீள்பார்வை வாரம், அதன் பின் தேர்வுகள். அக்டோபரில் தொடங்கும் கல்வியாண்டு ஜூலையில் முடிந்துவிட, அடுத்த அக்டோபர் வரை வளாகம் வெறிச்சோடிக் கிடக்கும். பள்ளியோ அந்த மாதங்களில் மும்முரமாக நடந்துகொண்டிருக்கும். பெருந்தொற்றுக் காலத்துக்குப் பின் மார்ச் மாதத்துக்குத் தள்ளிப்போன பள்ளி ஆண்டுத் தொடக்கம் 2026இல் மீண்டும் ஜனவரிக்குத் திரும்பியிருப்பதால், பிள்ளைகள் புதிய வகுப்பில் கால் வைக்கும் ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் எங்கள் பயிற்றுநர்கள் முதற்பருவத் தேர்வுக்காக நூலகத்தில் முடங்கிக் கிடக்கிறார்கள். அதாவது, எந்த நேரத்தில் பிள்ளைக்குத் துணை அதிகம் தேவையோ அந்த நேரத்தில் பல்கலைக்கழகம் கையை விரிக்கிறது. இதை யாருடைய குற்றமாகவும் நான் சொல்லவில்லை. ஆனால், இந்த இடைவெளியை முதல் நாளிலேயே தாளில் குறித்துக்கொள்ளாமல் தொடங்கப்படும் திட்டம் இரண்டாம் பருவத்துக்குள் தள்ளாடத் தொடங்கிவிடும் என்பதைப் பிற இடங்களிலும் கண்டிருக்கிறேன்.

இங்குள்ள குடும்பங்களின் நிலையையும் சொல்ல வேண்டும். ரப்பர் மரங்கள் செம்பனைக்கு (எண்ணெய்ப்பனைக்கு) வழிவிட்ட பிறகு, இவ்வட்டாரத்தில் தோட்டத்து லயங்கள் எனப்படும் தொழிலாளர் வரிசை வீடுகளிலிருந்து வெளியேறிய குடும்பங்கள் பட்டணத்தை ஒட்டிய தாமான்கள் என்னும் குடியிருப்புகளிலும் மலிவு விலை வீடுகளிலும் குடியேறின. தாத்தா விடியுமுன் பெரட்டுக்கு, அதாவது தோட்டத்தில் ஆள் கணக்கெடுத்து வேலை பிரிக்கும் இடத்துக்குப் போனவர். மகன் ஈப்போவில் உள்ள தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். மருமகள் ஏதோ ஒரு பேரங்காடியில் கல்லாவில் நிற்கிறார். பள்ளி முடியும் வேளையில் வீட்டில் பெரியவர்கள் யாரும் இருப்பதில்லை. ஆகவே, எங்கள் வகுப்பு பிள்ளைக்குப் பாடம் மட்டுமன்று, பாதுகாப்பான இடமும்கூட. வகுப்பை ஒரு நாள் திடீரென்று ரத்துச் செய்தால் ஒரு தாய் அரை நாள் சம்பளத்தை இழக்க நேரிடும். இதைப் பயிற்றுநர்களுக்கு நான் முதல் கூட்டத்திலேயே சொல்லிவிடுகிறேன்.

மலேசிய இந்தியர் காங்கிரசின் தலைவராகவும் அமைச்சராகவும் இருந்த துன் சம்பந்தன் பிறந்த ஊர் இது. தொழிலாளர்களின் பணத்தைத் திரட்டித் தோட்டங்களை வாங்க 1960இல் அவர் தோற்றுவித்த தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தில், பெருந்தோட்டங்கள் துண்டு துண்டாக விற்கப்பட்ட காலத்தில் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய கைகள் சேர்த்த பணமும் இருந்தது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகளுக்கு இலவசமாக ஏதோ தருகிறோம் என்ற தோரணையில் நாங்கள் நுழைந்திருந்தால் ஊர் எங்களை ஏற்றிருக்காது. மதியச் சமையலைப் பெற்றோர் ஆசிரியர் சங்கத்துத் தாய்மார்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். அது அவர்களே கேட்டு வாங்கிக்கொண்ட பொறுப்பு.

தொடர்ச்சியைக் காப்பதற்கு எங்களிடம் உள்ள முதன்மையான கருவி, பிள்ளைக்கு ஒன்றாக வைத்திருக்கும் கைமாற்று நோட்டு. ஒவ்வொரு வகுப்பும் முடிந்ததும் பயிற்றுநர் அதில் நான்கைந்து வரிகள் எழுதிவிட்டுத்தான் பேருந்தில் ஏற வேண்டும். தொடக்கத்தில், “நன்றாகப் படித்தான்”, “ஆர்வமாக இருந்தாள்” என்றுதான் எழுதினார்கள். அடுத்து வருபவருக்கு அதனால் ஒரு பயனும் இல்லை. இப்போது எப்படி எழுத வேண்டும் என்பதற்கு எடுத்துக்காட்டாக ஒரு பழைய பக்கத்தைக் காட்டுகிறோம். “கொடி என்பதைக் கெடி என்று வாசிக்கிறான். ஒற்றைக் கொம்பைப் பார்த்ததும் எகரமாக ஒலித்துவிடுகிறான். எழுத்துக்குப் பின்னால் வரும் துணைக்காலைக் கண் எடுப்பதில்லை. விரலால் இரண்டு பக்கமும் தொட்டுவிட்டு வாசிக்கச் சொன்னேன், பத்தில் ஏழு சரியாக வந்தது. மீன்பிடிக்கும் கதைகள் என்றால் புத்தகத்தைக் கீழே வைப்பதில்லை.” இந்த ஐந்து வரிகள் இருந்தால், அந்தச் சிறுவனை அதற்கு முன் பார்த்தே இராத ஒருவரும் மறுநாள் விட்ட இடத்திலிருந்து தொடங்கலாம்.

பயிற்றுநர்களைச் சேர்க்கும்போது முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு முன்னுரிமை தருகிறேன். இறுதியாண்டு மாணவர்கள் திறமைசாலிகளாக இருந்தாலும், பயிற்சிப் பணிக்காகவோ ஆய்வேட்டுக்காகவோ இடையில் போய்விடுவார்கள். புறப்பாடப் புள்ளிக்காக மட்டும் வருகிறவர்களைத் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால், அவர்களைத் தனிப் பிள்ளைக்குப் பொறுப்பாளராக்காமல் உணவு, வருகைப் பதிவு, விளையாட்டு ஆகியவற்றில் அமர்த்துகிறேன். அவர்களுள் சிலர் தாமாகவே அடுத்த பருவம் ஒரு பிள்ளையைக் கேட்டு வாங்கிக்கொண்டதும் உண்டு.

பாதுகாப்பு பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எந்தப் பயிற்றுநரும் மூடிய அறையில் ஒரு பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது. தம் சொந்த வாகனத்தில் பிள்ளையை ஏற்றிச் செல்லக் கூடாது. படம் எடுத்துச் சமூக ஊடகத்தில் போடக் கூடாது. 2017ஆம் ஆண்டின் சிறார்களுக்கு எதிரான பாலியல் குற்றங்கள் சட்டத்தை விளக்கும் அமர்வில் உட்காராதவருக்கு வகுப்பறையில் இடமில்லை. இந்த ஒன்றில் நான் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை.

முன்னாள் பயிற்றுநர் ஒருவரின் பகிர்வு

ஒருங்கிணைப்பாளர் குறிப்பிட்ட நோட்டுதான் எனக்கு வழிகாட்டியது என்பதால் எழுதுகிறேன். நான் பொறுப்பேற்ற நான்காம் ஆண்டுச் சிறுமி கணிதத்தில் பின்தங்கியவள் என்று பட்டியலில் இருந்தது. அவளுக்கு முன்பு கற்பித்த அக்கா, நோட்டின் கடைசிப் பக்கத்தில், “வாய்ப்பாடு நன்றாகத் தெரியும். கழித்தலில் எப்போதும் ஒரே மாதிரியாகத் தவறுகிறாள், ஏன் என்று பிடிபடவில்லை, கவனிக்கவும்” என்று எழுதி வைத்திருந்தார்.

முதல் நாள் 503இலிருந்து 267ஐக் கழிக்கச் சொன்னேன். 364 என்று எழுதினாள். மறுபடியும் செய்யச் சொன்னபோதும் அதே விடைதான் வந்தது. தவறு என்று சொல்லாமல், எப்படிச் செய்தாய் என்று சொல் என்றேன். “ஏழில் மூன்று போனால் நான்கு. ஆறில் ஒன்றும் போகவில்லை, ஆறு. ஐந்தில் இரண்டு போனால் மூன்று” என்றாள். ஒவ்வோர் இடத்திலும் பெரிய இலக்கத்திலிருந்து சிறிய இலக்கத்தைக் கழிப்பது என்ற விதியைத் தானே வகுத்துக்கொண்டு, அதை ஒருமுறைகூட மீறாமல் பின்பற்றியிருக்கிறாள். கவனக்குறைவு என்று சொல்வதற்கு அங்கே எதுவுமே இல்லை.

அட்டையை வெட்டி நூறு, பத்து, ஒரு ரிங்கிட் நோட்டுகள் செய்து அவள் கையில் 503 ரிங்கிட் கொடுத்தேன். என்னிடம் 267 ரிங்கிட்டுக்குச் சாமான் வாங்கு என்றேன். ஏழு ரிங்கிட் கொடுக்க முயன்றாள். ஒரு ரிங்கிட் தாள்கள் மூன்றுதான் இருந்தன. பத்து ரிங்கிட் தாள் ஒன்றுகூட இல்லை. சற்று நேரம் தாள்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அக்கா, நூறைச் சில்லறை மாற்றித் தருவீர்களா?” என்று கேட்டாள். மாற்றிக் கொடுத்தேன். பத்துப் பத்துத் தாள்கள் ஆயின. அதில் ஒன்றை மறுபடியும் உடைத்துப் பத்து ஒற்றைத் தாள்களாக்கிக்கொண்டாள். கொடுத்தது போகக் கையில் இருந்த 236 ரிங்கிட்டை எண்ணிவிட்டு, முன்பு எழுதிய 364ஐத் தானாகவே அடித்தாள்.

அன்று பெய்த மழையில் தகரக் கூரையின் இரைச்சல் தாங்க முடியாததால், மற்ற குழுக்கள் வாசிப்பை நிறுத்திவிட்டு எழுத்து வேலைக்கு மாறியிருந்தன. நாங்கள் இருவரும் அட்டைத் தாள்களை வைத்துக்கொண்டு பேச்சில்லாமலே அடுத்த ஐந்து கணக்குகளை முடித்தோம். இந்தப் பிழையைக் கண்டுபிடித்ததில் எனக்குப் பாதிப் பங்குதான் உண்டு. மீதி, எனக்கு முன்பிருந்தவர் வெட்கப்படாமல், “பிடிபடவில்லை” என்று எழுதி வைத்ததற்குச் சேர வேண்டும்.

தமிழ்ப்பள்ளி ஆசிரியர் ஒருவரின் பகிர்வு

மேலே எழுதிய இருவருக்கும் என் நன்றி. பள்ளியின் பக்கமிருந்து ஒன்றைச் சொல்ல விரும்புகிறேன். 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதில் பத்துப் பிள்ளைகள் உள்ள தோட்டங்கள் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தபோது, பல தோட்டங்களில் நேரம் கிடைத்த கிராணியோ (எழுத்தரோ) கங்காணியோதான் (மேற்பார்வையாளரோதான்) வாத்தியாராக நின்றார். யார் ஓய்வாக இருக்கிறாரோ அவர் கற்பிப்பார் என்ற அந்த ஏற்பாட்டின் விலையைக் கொடுத்தவர்கள் எங்கள் பெற்றோர். ஆகவே, பல்கலைக்கழகப் பிள்ளைகள் வருகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் எனக்கு முதலில் தோன்றியது தயக்கம்தான். எத்தனை வாரம் வருவார்கள் என்றுதான் தலைமையாசிரியரிடம் கேட்டேன்.

இப்போது என் கவலை வீட்டுப்பாடத்தைப் பற்றியது. தொடக்கப்பள்ளியின் இறுதியில், ஆறாம் ஆண்டில் எழுதிய யூபிஎஸ்ஆர் அரசுத் தேர்வு 2021இல் நீக்கப்பட்ட பிறகு, பிள்ளையின் நிலையை எதைக்கொண்டு அறிவது என்று பெற்றோர் தடுமாறுகிறார்கள். எட்டுப் பாடத்திலும் ஏ என்ற கணக்கு அவர்களுக்குப் புரிந்தது. வகுப்புசார் மதிப்பீட்டில் அடைவுநிலை மூன்று, நான்கு என்று வரும் அறிக்கை அவ்வளவாகப் புரிவதில்லை. அதனால், பயிற்சி நூலில் எத்தனை பக்கம் முடிந்தது என்பதையே அளவுகோலாகக் கொண்டு, மாலை வகுப்பில் வீட்டுப்பாடம் முழுவதையும் முடித்து அனுப்பும்படி பயிற்றுநர்களை நெருக்குகிறார்கள். கொம்பும் காலும் பிடிபடாத பிள்ளைக்கு அறிவியல் பயிற்சியின் விடைகளைச் சொல்லி எழுத வைத்தால் நோட்டு நிரம்பும். ஆனால் அந்தப் பிள்ளை இடைநிலைப்பள்ளியின் முதலாம் படிவத்துக்குப் போய், பெரும்பாலான பாடங்களை மலாய்மொழியில் வாசிக்க வேண்டிய நாளில் திணறி நிற்கும். மலாய்மொழியை வலுப்படுத்திக்கொள்ள முதலாம் படிவத்துக்கு முன் ஓராண்டு படிக்கும் புகுமுக வகுப்பில் போய் அமர்ந்த என் பழைய மாணவர்களுள் பலருக்கு மலாய்மொழி கடினமாக இருந்ததற்குக் காரணம், எந்த மொழியிலுமே சரளமாக வாசிக்கும் பழக்கம் அவர்களுக்கு வராமல் போனதுதான் என்பது என் கணிப்பு.

ஒருங்கிணைப்பாளர் ஐயாவிடம் எனக்கு ஒரு கேள்வி உண்டு. ஜூலையிலிருந்து அக்டோபர் வரை நீங்கள் இல்லாத மாதங்களில், எங்கள் பள்ளியில் பிள்ளைகள் வாசிப்பை விட்டுவிடுகிறார்கள். அதற்கு என்ன ஏற்பாடு செய்திருக்கிறீர்கள்?

ஒருங்கிணைப்பாளரின் மறுமொழி

வணக்கம் டீச்சர். வீட்டுப்பாடத்தைப் பொறுத்தவரை, முதல் அரை மணி நேரம் மட்டும் அதற்கு ஒதுக்கி, மணி அடித்ததும் புத்தகத்தை மூடிவிடுகிறோம். முடியாத பக்கத்தில் பயிற்றுநர் தேதியிட்டுக் கையொப்பமிடுவார். வகுப்பாசிரியர்கள் அதை ஏற்றுக்கொள்ளத் தலைமையாசிரியர் இசைந்திருக்கிறார். பெற்றோரிடம் நோட்டைக் காட்டி, முன்பு ஒரு பக்கக் கதையை எவ்வளவு நேரத்தில் வாசித்தான், இப்போது எவ்வளவு நேரத்தில் வாசிக்கிறான் என்று பிள்ளையையே வாசித்துக் காட்டச் சொல்கிறோம். அதைக் காதால் கேட்ட பிறகு பக்கக் கணக்கைப் பற்றிப் பேசுகிறவர்கள் குறைந்துவிட்டார்கள்.

நீண்ட விடுமுறைக்கு முழுமையான தீர்வு கிடைத்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். இந்தத் திட்டத்தில் படித்து இப்போது நான்காம், ஐந்தாம் படிவத்தில் இருக்கும் பிள்ளைகள் வாரம் ஒருமுறை பள்ளிக்கு வந்து, ஆசிரியர் ஒருவரின் மேற்பார்வையில் சிறுவர்களை வாசிக்க வைக்கிறார்கள். கணிதத்தை அவர்களிடம் விடுவதில்லை, வாசிப்பு மட்டும்தான். பயிற்றுநர்கள் தங்கள் ஊரிலிருந்து ஒரு சிறுகதையைத் தம் குரலில் பதிவு செய்து பெற்றோரின் வாட்சப் குழுவுக்கு அனுப்ப, பிள்ளை அதே கதையை வாசித்துக் குழுவில் பதில் அனுப்புகிறது. தனிப்பட்ட எண்களுக்கு அனுப்ப அனுமதிப்பதில்லை. அம்மா ஷிப்ட் முடிந்து வீடு திரும்பினால்தான் கைப்பேசி கிடைக்கும் என்பதால், பதில்கள் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் வரும். அதற்கேற்பப் பயிற்றுநர்களைக் காத்திருக்கச் சொல்லியிருக்கிறேன். இன்னொன்று, கைமாற்று நோட்டுகளைப் பல்கலைக்கழகத்துக்கு எடுத்துச் செல்ல அனுமதிப்பதில்லை. அவை உங்கள் பள்ளி நூலகத்தின் அலமாரியில், கீழ்த் தட்டில் இருக்கின்றன; சாவி அலுவலகத்தில் உள்ளது. விடுமுறை மாதங்களில் உங்கள் ஆசிரியர்களும் அவற்றை எடுத்துப் பார்க்கலாம், எழுதவும் செய்யலாம்.