பசி தெரியாது, கோவம்தான் தெரியும்: நவராத்திரி விரத அனுபவங்கள்

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து

நவராத்திரி விரதம் என்று ஆரம்பித்தாலே பேச்சு சாப்பாட்டில் போய் நின்றுவிடுகிறது. வெங்காயம் சேர்க்கலாமா, ஒருவேளை என்றால் மதியமா ராத்திரியா, ஜவ்வரிசி ஆகுமா என்று வாட்ஸ்அப்பில் ஆளுக்கொரு பட்டியல் அனுப்புகிறார்கள். அதெல்லாம் வேண்டும்தான். ஆனால் விரதத்தில் எது கஷ்டம் என்று எனக்குக் காட்டியவர், பாடலீஸ்வரர் கோயில் பக்கத்தில் பூ விற்கிற ஒரு அம்மா. அவரைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருப் பெண்கள் சிலர் நவராத்திரி சாயங்காலங்களில் ஒரு வீட்டில் கூடுவோம். லலிதா சகஸ்ரநாமத்தைப் புத்தகம் பார்த்துச் சொல்வோம். அபிராமி அந்தாதியை மட்டும் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்று சங்கல்பம். காப்பும் நூற்பயனும் நீங்கலாக 100 பாட்டு. முதல் பாட்டு ‘விழுத்துணையே’ என்று முடியும், இரண்டாவது ‘துணையும் தொழும் தெய்வமும்’ என்று அதிலிருந்தே பிறக்கும். ஒன்றின் வாலைப் பிடித்தால் அடுத்தது வந்துவிடும். ஆனால் பாதியில் மனசு கொஞ்சம் எங்காவது போனால் போதும், எல்லோருமே நின்றுவிடுவோம்.

அப்படி ஒருநாள் நின்றுபோனபோது, கொலுவுக்குக் கதம்பம் கொண்டுவந்து வாசற்படியில் காத்திருந்த பூக்காரம்மா அடுத்த பாட்டை எடுத்துக் கொடுத்தார். ஒரு பாட்டல்ல, நாங்கள் சேர்ந்துகொள்ளும்வரை மூன்று நான்கு பாட்டு. உச்சரிப்பில் ஒரு பிசகு இல்லை. உள்ளே வந்து உட்காரச் சொன்னோம். வியாபாரம் இருக்கிறது என்று போய்விட்டார்.

மறுநாள் அவர் கூடைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்து கேட்டேன். படிக்கத் தெரியாதாம். ஆடி வெள்ளி, தை வெள்ளி, நவராத்திரி என்று ஸ்பீக்கரில் போடுவதைக் கேட்டே பாடமாகிவிட்டது. பூக் கட்டும்போது வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருப்பாராம். எத்தனை பாட்டில் ஒரு முழம் முடியும் என்று அவர் கைக்குத் தெரியும். இந்த ஒன்பது நாளும் முதல் முழம் அம்பாளுக்கு, அது போன பிறகுதான் போணி. கடை எடுத்து வீட்டுக்குப் போன பிறகு ஒருவேளைச் சோறு.

“நாள் பூரா வெயில்ல உக்காந்திருக்கீங்களே, பசிக்காதாம்மா?” என்றேன்.

“பசி தெரியாதும்மா. ரெண்டாம் நாள்லேருந்து கோவம்தான் தெரியும். அத்தத்தான் கட்டணும்” என்றார்.

அதை நான் கண்ணால் பார்க்கவும் நேர்ந்தது. சரஸ்வதி பூஜைக்கு முந்தின நாள். சாமந்தி, மல்லி எல்லாம் அன்றைக்கு என்ன விலை ஏறும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒருவர் முழத்தை வாங்கி அளந்து பார்த்து, விலையைக் கேட்டதும் கூடையிலேயே திருப்பி எறிந்துவிட்டு, காதில் கேட்க முடியாத வார்த்தை ஒன்றையும் சொல்லிவிட்டுப் போனார். அம்மாவின் முகம் இறுகிவிட்டது. சாதாரண நாளாக இருந்தால் அந்த ஆள் திருப்பி வாங்கியிருப்பார், எனக்குத் தெரியும். அன்றைக்கு வாய் மட்டும் அசைந்தது. எறிந்த முழத்தை எடுத்துத் தண்ணீர் தெளித்து வைத்துவிட்டு நூலை எடுத்துக்கொண்டார். விட்ட இடத்திலிருந்து அந்தாதி ஓடிக்கொண்டிருந்தது.

எங்கள் ஊர் அம்பாளே தவம் இருந்தவள்தானே. விளையாட்டாக ஈசன் கண்ணை மூடப்போய் உலகமே இருண்டுவிட, பூமிக்கு வந்து பல தலங்களில் வழிபட்டு, கடைசியில் இந்தப் பாதிரி வனத்தில் தவம் செய்தாள் என்பது தலபுராணம். பெரியநாயகி என்ற பேரோடு அருந்தவநாயகி என்றும் சொல்வது அதனால்தான். சின்ன வயதிலிருந்து கேட்ட கதை. விளையாட்டுக்குச் செய்ததற்குமா இத்தனை பெரிய தவம் என்று நினைத்திருக்கிறேன். பூக்காரம்மாவைப் பார்த்த பிறகு அந்தச் சன்னதியில் நிற்கும்போது வேறு மாதிரி இருக்கிறது. அவள் யாரிடமும் நியாயம் பேசவில்லை. வந்து உட்கார்ந்தாள், அவ்வளவுதான்.

என் அனுபவத்தில் நடு மூன்று நாள்தான் கடினம். துர்க்கைக்குரிய முதல் மூன்று நாள் உற்சாகத்தில் ஓடிவிடும். கடைசி மூன்றில் சரஸ்வதி பூஜை வேலை இழுத்துக்கொண்டு போகும். லட்சுமிக்கு உரிய நாட்களில்தான் உடம்பு அசரும், சுண்டலுக்கு ஊறப்போட்டது மறந்துபோகும், வீட்டில் யாராவது ஏதாவது கேட்டால் சுள்ளென்று வரும். அந்த நேரத்தில் நான் சண்டையைத் தொடராமல் ஒரு பாட்டைத் தொடங்கிவிடுகிறேன். வெளியே சத்தமாக இல்லை, உள்ளேதான். சில நாள் பலிக்கிறது.

தேவனாம்பட்டினத்திலிருந்து

அக்கா எழுதியதைப் படித்ததும் என் மாமியார் ஞாபகம் வந்தது. எனக்குக் கல்யாணமான முதல் நவராத்திரியில், சரியாக ஐந்தாம் நாள் ஒதுங்க வேண்டியதாகிவிட்டது. கலசம் வைத்து, விளக்கேற்றி, எல்லாம் ஆசையாக ஆரம்பித்திருந்தேன். விரதம் போச்சே என்று அழுதேன். அத்தை ஒன்றும் சமாதானம் சொல்லவில்லை. சாயங்காலம் பூஜை அறையில் உட்கார்ந்து அந்தாதியைச் சத்தமாக ஆரம்பித்தார்கள். ஒரு பாட்டை முடித்துவிட்டு நிறுத்திவிட்டார்கள். எதற்கு நிறுத்தினார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. அடுத்ததை ஹாலிலிருந்து நான் சொன்னேன். அவர்கள் ஒன்று, நான் ஒன்று என்று கடைசிவரை. இந்த வழக்கமே வேண்டாம் என்பவர்கள் உண்டு, கட்டாயம் வேண்டும் என்பவர்களும் உண்டு. அந்த வாதத்துக்கு நான் வரவில்லை. என் விரதம் முறியவில்லை என்று அன்றைக்கு எனக்குத் தெரிந்தது.

புதுச்சேரி, தட்டாஞ்சாவடியிலிருந்து

நான் லேத் பட்டறையில் வேலை செய்கிறவன். விரதம், பாராயணம் எல்லாம் வீட்டில் அம்மா பார்த்துக்கொள்வார்கள். எங்களுக்கு ஆயுத பூஜைதான் நவராத்திரி. மிஷினைக் கழுவித் துடைத்து, டூல்களை எண்ணெய் போட்டு அடுக்கி, பொட்டு வைத்துப் பூஜையில் வைத்துவிட்டால், விஜயதசமி காலை மறுபூஜை ஆகும்வரை தொடமாட்டோம். ஒரு நாள்தானே என்று தோன்றும். வருடம் முழுக்க ஸ்பேனர் பிடித்த கைக்கு அது லேசான விஷயமில்லை.

ஒரு வருடம் பூஜை முடிந்து பொரி கடலை கொடுத்துக்கொண்டிருந்தபோது தேங்காய்த்திட்டு துறைமுகத்திலிருந்து இரண்டு பேர் ஓடிவந்தார்கள். அவர்கள் ஆட்களின் படகு ஒன்று கடலில் எஞ்சின் நின்று கிடக்கிறது. இழுத்துவரப் போக வேண்டிய விசைப்படகில் கப்ளிங் போல்ட் உடைந்துவிட்டது. கடைகளெல்லாம் மூடியிருக்கின்றன. எங்கள் சீனியர் டர்னர் கோபக்காரர், சம்பிரதாயத்தில் கறார். முடியாது என்பார் என்றுதான் நினைத்தேன். அவர் கை கால் கழுவிவிட்டு வந்து சாமி படத்துக்குக் கற்பூரம் காட்டி, “தாயே, எடுத்துக்கிறேன்” என்று சொல்லி டூலை எடுத்தார். போல்ட்டைக் கடைந்து கொடுத்துவிட்டு, அதே டூலைத் துடைத்து மறுபடி பொட்டு வைத்துப் பழைய இடத்தில் வைத்தார். கூலி வாங்கவில்லை.

அடுத்த வருடம் நான் ஒரு யோசனை சொன்னேன்: அவசரத்துக்கு ஒரு செட்டைப் பூஜையில் வைக்காமல் தனியாக வைப்போமே என்று. அவர் ஒத்துக்கொள்ளவே இல்லை. “அவசரம் வந்தா அவகிட்ட கேட்டு எடுத்துக்கோ. இப்பவே ஒளிச்சு வைக்காத” என்றார். போன வருடமும் எல்லாவற்றையும் பூஜையில்தான் வைத்தோம். யாரும் வந்து கேட்கவில்லை.