கேம் கியர் +4இல் மேடு ஏறும்போது தட்டுகிறது, −4இல் இழுவையே இல்லை (சிட்டி 1.5)

பாளை சிட்டி:

அண்ணாச்சிமாருக்கு வணக்கம். என்னிடம் இருப்பது 1999 மாடல் ஹோண்டா சிட்டி, 1.5, விடெக் இல்லாதது. அப்பா ஆசையாக வாங்கிய வண்டி. பெருமாள்புரத்தில் வீட்டு வேப்பமரத்தடியில் நாலு வருசம் சும்மா நின்றது. போன வருசம் இன்ஜினை இறக்கி வேலையை ஆரம்பித்தேன். ஹெட்டின் அடிமுகத்தை 0.6 மில்லிமீட்டர் சீவி ஃபேஸ் அடித்தோம், போர்ட்டை லேசாகப் பெரிதாக்கினோம், வால்வுகளைத் திறக்கும் கேமைக் கோயம்புத்தூருக்கு அனுப்பி ரீகிரைண்ட் செய்து (மறுபடி கடைந்து) வாங்கினேன். எக்ஸாஸ்ட் 4-2-1 (நாலு குழாய் இரண்டாகி, பிறகு ஒன்றாகச் சேருவது). கடைசியாக, கேமை டிகிரிக் கணக்கில் முன்னே (+) அல்லது பின்னே (−) நகர்த்தி வைக்க உதவும் அட்ஜஸ்டபிள் கேம் கியர் ஒன்று வாங்கிப் போட்டேன்.

இப்போது பிரச்சனை. கியரை 0இல் வைத்தால் 3000 ஆர்.பி.எம். வரை வண்டிக்குச் சுரத்தே இல்லை. +4இல் வைத்தேன், பிக்கப் அருமையாக வந்தது. ஆனால் ஜங்ஷன் ஈரடுக்குப் பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறும்போது, தகர டப்பாவுக்குள் கோலிக்குண்டைப் போட்டுக் குலுக்கியது போல இன்ஜின் தட்டுகிறது. சரி, எதிர்ப்பக்கம் பார்ப்போம் என்று −4 வைத்தேன். கீழேயும் இழுக்கவில்லை, மேலேயும் இழுக்கவில்லை. ராத்திரி பானட்டைத் திறந்து பார்த்தால் புகை வெளியேறும் மேனிஃபோல்ட் மங்கலாகச் சிவந்திருந்தது. பயந்து ஆஃப் செய்துவிட்டேன்.

ஹெட்டை மாட்டும்போதே களிமண் வைத்து வால்வுக்கும் பிஸ்டனுக்கும் இடைவெளி பார்த்தேன். +4இல் இன்டேக் 2.3 மில்லி, −4இல் எக்ஸாஸ்ட் 2.8 மில்லி. அதனால் வால்வு இடிக்கும் பயம் இல்லை. எந்த நம்பரில் வைக்கலாம், சொல்லுங்கள்.

வள்ளியூர் காற்றாடி:

எங்கள் சித்தப்பா மகன் வண்டியில் +2 வைத்து ஓட்டுகிறான், தட்டல் கிடையாது. நீங்களும் +2 வைத்து, ஆக்டேன் கூடுதலான பெட்ரோல் போட்டுப் பாருங்களேன். ஓட்டிப் பார்க்க எங்கள் பக்கம் வாருங்கள், பணகுடி தாண்டினால் ரோடு நேராக இருக்கும்.

பேட்டை பட்டறை:

தம்பி, களிமண் வைத்துப் பார்த்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள், அதற்கே உங்களைப் பாராட்ட வேண்டும். இந்த இன்ஜினில் பெல்ட் டைமிங் தப்பினால் வால்வு பிஸ்டனில் இடித்து வளைந்துவிடும். அந்த இடைவெளியை அளக்காமல் கியரைத் திருப்புகிறவர்கள்தான் அதிகம்.

ஆனால் உங்கள் பதிவை மூன்று தடவை படித்தேன், டைமிங் லைட் (ஸ்பார்க் எந்த டிகிரியில் வருகிறது என்று காட்டும் விளக்கு) என்ற பேச்சே இல்லை. கேம் கியரைத் திருப்பிய ஒவ்வொரு முறையும் இக்னிஷன் டைமிங்கைச் சரி செய்தீர்களா? செய்யவில்லை என்றுதான் நினைக்கிறேன். உங்கள் கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

உங்கள் இன்ஜினில், பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்ட்ரிபியூட்டர் ஹெட்டின் பக்கவாட்டில், கேமின் மறுமுனையில் மாட்டியிருக்கும். கேம் சுற்றினால் அதுவும் கூடவே சுற்றும். கியரில் கேமை 4 டிகிரி முன்னே தள்ளினால் டிஸ்ட்ரிபியூட்டர் ரோட்டரும் 4 டிகிரி முன்னே போகும். கேம் ஒரு சுற்று சுற்றும்போது கிராங்க் (பிஸ்டன்கள் சுழற்றும் தண்டு) இரண்டு சுற்று சுற்றுகிறது, அதனால் கேமில் 4 என்பது கிராங்கில் 8. அதாவது உங்களுக்குத் தெரியாமலே ஸ்பார்க்கை 8 டிகிரி அட்வான்ஸ் செய்துவிட்டீர்கள். பிக்கப் வந்ததும் அதனால்தான், பாலத்தில் தட்டியதும் அதனால்தான். −4இல் ஸ்பார்க் 8 டிகிரி பிந்திப்போயிற்று. பிந்தி எரிகிற நெருப்பு சிலிண்டருக்குள் வேலை செய்து முடிக்காமலே வெளியே போகும், மேனிஃபோல்ட் சிவக்காமல் என்ன செய்யும்? கேம் நல்லதா கெட்டதா என்று நீங்கள் இன்னும் பார்க்கவே இல்லை. பார்த்ததெல்லாம் இக்னிஷனைத்தான்.

வள்ளியூர் தம்பி சொன்ன பெட்ரோல் தட்டலை மறைக்கும், காரணத்தைத் தீர்க்காது. இன்னொரு வண்டியின் நம்பரும் உங்களுக்கு உதவாது. ஏன் என்று சொல்கிறேன்.

ஹெட்டில் 0.6 மில்லி எடுத்ததால் கேம் அந்த அளவுக்குக் கிராங்கை நோக்கி இறங்கியிருக்கிறது. பெல்ட்டின் இழுபடும் பக்கம் அவ்வளவு குறையும், கேம் பின்தங்கும். கியரைச் சுற்றி ஒரு நூலைச் சுற்றி அளந்து பாருங்கள். 300 மில்லி வந்தால் 1 மில்லிக்கு 1.2 டிகிரி, 0.6 மில்லிக்கு முக்கால் டிகிரிக்குக் கொஞ்சம் குறைவு. கிராங்கில் கிட்டத்தட்ட ஒன்றரை. அதோடு ரீகிரைண்ட் செய்தவர் லோபை (வால்வை அழுத்தும் மேட்டை) எந்த இடத்தில் வைத்தார் என்பது வேறு. ஆக, உங்கள் கியரில் 0 என்று வெட்டியிருக்கும் கோடு வெறும் கோடுதான். உண்மையான பூஜ்யத்தை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் பிளக் துவாரத்தில் பிஸ்டன் ஸ்டாப் (பிஸ்டனைத் தடுத்து நிறுத்தும் கம்பி) போட்டு, கிராங்கைக் கையால் இரண்டு பக்கமும் மெதுவாக முட்டும்வரை திருப்புங்கள். இரண்டு அளவுக்கும் நடு மையம்தான் டி.டி.சி., அதாவது பிஸ்டன் உச்சியில் நிற்கும் இடம். கிராங்கில் மாட்டி அளக்கும் டிகிரி வீலைக் கடையில் தேடி அலைய வேண்டாம், ஜெராக்ஸ் கடையில் 360 டிகிரி வட்டத்தைப் பிரிண்ட் எடுத்துப் பழைய சி.டி. மீது ஒட்டினால் போதும். அப்புறம் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) முள்ளை இன்டேக் வால்வின் ரிட்டெய்னர் (ஸ்பிரிங்கைப் பிடித்திருக்கும் தட்டு) மேல் நேராக வையுங்கள். வால்வு முழுதாக இறங்கும் இடத்தைப் பார்த்து எழுதாதீர்கள், அங்கே முள் நின்று நின்று போகும், ஏமாற்றும். அதற்கு முன் 0.5 மில்லியில் ஒரு டிகிரி, அதைத் தாண்டி 0.5 மில்லியில் ஒரு டிகிரி எடுத்து, இரண்டையும் கூட்டிப் பாதியாக்குங்கள். அதுதான் லோப் சென்டர். கேமோடு வந்த சீட்டில் உள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். இதற்கு முன்னால் இன்ஜின் ஆறியிருக்கும்போது டாப்பெட் கிளியரன்ஸை (வால்வு முனையில் விடும் இடைவெளியை) சரி பார்த்துவிடுங்கள், அது கூடிக் குறைந்தால் அளவெல்லாம் மாறும்.

திசையும் முக்கியம். இந்த ஹோண்டா இன்ஜின் பெல்ட் பக்கமிருந்து பார்த்தால் இடப்பக்கமாக (கடிகார முள்ளுக்கு எதிராக) சுற்றும். வீடியோவில் வருகிற இன்ஜின்கள் பெரும்பாலும் வலப்பக்கம் சுற்றுபவை. சுற்றும் திசையிலேயே கியரின் உள்வட்டம் முன்னே போனால் அட்வான்ஸ். ஸ்பானர் போட்டுத் திருப்பும்போதும் இடப்பக்கமாகவே திருப்புங்கள், பின்னால் திருப்பினால் பெல்ட் தளர்ந்து அளவு பிசகும்.

கியர் போல்ட்டை இறுக்குவதற்கு முன் உள்வட்டமும் வெளிவட்டமும் உரசும் முகத்தைப் பெட்ரோல் தொட்டுத் துடைத்துவிடுங்கள், எண்ணெய்ப் பிசுக்கு இருக்கக்கூடாது. இறுக்கியதும் இரண்டு வட்டத்துக்கும் குறுக்கே சிவப்பு நகப்பூச்சால் ஒரு கோடு. எனக்கு ஒரு வண்டியில் கியர் வழுக்கிவிட்டது. நாங்குநேரி போவதற்குள் ஐட்லிங் கெட்டது, நிறுத்திக் கவரைக் கழற்றினால் நகப்பூச்சுக் கோடு ஒரு அரிசி அகலம் விலகியிருந்தது. அந்தக் கோடு இல்லாவிட்டால் நான் எங்கெங்கோ தேடியிருப்பேன். அன்றிலிருந்து கோடு போடாமல் எந்தக் கவரையும் மூடுவதில்லை.

இதெல்லாம் முடிந்தபிறகு டைமிங் லைட். டாஷ்போர்டுக்கு அடியில் இருக்கும் சர்வீஸ் கனெக்டரை ஷார்ட் செய்தால்தான் கம்ப்யூட்டர் டைமிங்கில் கை வைக்காது. டிஸ்ட்ரிபியூட்டரைத் திருப்பி, புல்லியின் மூன்று கோடுகளில் நடுவில் உள்ள சிவப்புக் கோட்டைப் பெல்ட் கவரில் உள்ள குறிக்கு நேராகக் கொண்டு வாருங்கள். தனியாக நிற்கும் வெள்ளைக் கோடு டி.டி.சி., அதோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். கேம் கியரை அரை டிகிரி தொட்டாலும் இதைத் திரும்பச் செய்ய வேண்டும்.

வள்ளியூர் காற்றாடி:

அண்ணாச்சி, டிஸ்ட்ரிபியூட்டர் விஷயம் எனக்கே புதிது. நன்றி. நான் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். டெஸ்ட் எங்கே எடுப்பது? டைனோவுக்கு (இன்ஜின் சக்தியை அளக்கும் இயந்திரம்) கோயம்புத்தூர் வரை போக வேண்டுமே.

பேட்டை பட்டறை:

பணகுடி, காவல்கிணறு பக்கம் வேண்டவே வேண்டாம். அங்கே காற்றாலை நிற்பது சும்மாவா? ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று ஆனி ஆடியில் வண்டியையே ஒரு பக்கம் தள்ளும். அந்தக் காற்றில் எடுத்த கணக்கை நம்பி எந்தப் போல்ட்டையும் தொடக்கூடாது. மூன்றடைப்புப் பக்கம் விடியற்காலை 5 மணிக்கு, ஆள் மாடு இல்லாத இடம் பார்த்து, இரண்டாம் கியரில் 2500இலிருந்து 5500 வரை. வேகம் 90க்குள் அடங்கிவிடும், அதற்கு மேல் ரோட்டில் தேவையில்லை. பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து ஆர்.பி.எம். மீட்டரை வீடியோ எடுக்கட்டும். போகும்போது மூன்று, வரும்போது மூன்று, சராசரி. எல்லாம் ஒரே நாளில், ஒரே பெட்ரோலில்.

தூத்துக்குடி ட்வின்கேம்:

என்னுடையதில் இரண்டு கேம், இரண்டு கியர். இதே கணக்குத்தானா?

பேட்டை பட்டறை:

பாதிதான். தம்பியின் வண்டியில் ஒரே கேம் என்பதால் இன்டேக்கும் எக்ஸாஸ்டும் சேர்ந்தே நகரும். அட்வான்ஸ் செய்தால் இன்டேக் வால்வு சீக்கிரம் மூடும், குறைந்த ஆர்.பி.எம்.மில் உள்ளே வந்த காற்று திரும்பிப் போகாது, கீழே இழுவை கூடும். கூடவே எக்ஸாஸ்ட் சீக்கிரம் திறப்பதால் கொஞ்சம் அழுத்தம் வீணாகும். ரிட்டார்ட் செய்தால் மேலே கூடும், கீழே குறையும். உங்களுக்கு இரண்டையும் தனித்தனியாக நகர்த்தலாம். இன்டேக்கை முன்னே, எக்ஸாஸ்டைப் பின்னே கொண்டுபோனால் இரண்டு வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம் கூடும், ஐட்லிங் ஆடும், இரண்டு வால்வுமே பிஸ்டனுக்கு நெருங்கும். முதலில் எக்ஸாஸ்டைத் தொடாமல் இன்டேக்கை மட்டும் ஒவ்வொரு டிகிரியாகப் பாருங்கள்.

பாளை சிட்டி:

அண்ணாச்சி, இரண்டு ஞாயிற்றுக்கிழமை எடுத்தேன், எல்லாவற்றையும் எழுதுகிறேன்.

0.5 மில்லி அளவுகள் 76, 146. கூட்டிப் பாதி 111. கேம் சீட்டில் 108. ஆக 0 கோட்டில் கேம் கிராங்கில் 3 டிகிரி பின்தங்கியிருந்தது, கியரில் ஒன்றரை. கியரில் உள்ள கோடுகள் கேம் டிகிரி என்பதையும் டிகிரி வீலில் பார்த்துக்கொண்டேன். 3000 வரை சுரத்தில்லாமல் போனதற்குக் காரணம் தெரிந்தபோது, பட்டறைத் தரையிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன்.

லைட் பிடித்து, ஒவ்வொரு மாற்றத்துக்கும் இக்னிஷனைச் சரி செய்து, மூன்றடைப்பில் எடுத்த சராசரி: 0இல் 5.3 நொடி, +1.5இல் 5.0, +2.5இல் 4.8. +3.5இலும் அதே 4.8தான், ஆனால் 5000க்கு மேல் மூச்சு வாங்குகிறது. +2.5இல் நிறுத்திவிட்டேன். நேற்று சாயங்காலம் அப்பாவை முன்னால் உட்காரவைத்து ஈரடுக்குப் பாலத்தில் மூன்றாம் கியரில் ஏறினேன். ஜன்னலை இறக்கிக் காதைக் கொடுத்தேன், ஒரு தட்டல் இல்லை. அப்பா இறங்கும்போது, பழைய வண்டி மாதிரியே இல்லையே என்றார்.

நகப்பூச்சுக் கோடு அம்மாவின் பாட்டிலில் இருந்து போட்டது. இரண்டாயிரம் கிலோமீட்டர் ஓடியதும் கவரைக் கழற்றி அது நகர்ந்திருக்கிறதா என்று பார்த்து எழுதுகிறேன்.