டெக்காத்லானுக்கு மாறணும்னா முதல்ல எதுல கை வைக்கிறது?

வியாசர்பாடி கிரவுண்ட்:
தம்பிக்கு 17 வயசு. லாங் ஜம்ப் 6.60 மீட்டர், நூறு மீட்டர் 11.40 செகண்ட். ரெண்டு நாள்ல பத்து ஈவென்ட் பண்ற டெக்காத்லான்தான்னு ஒரே பிடியா நிக்கிறான். கம்பை ஊன்றித் தாண்டுற போல் வால்ட்ல கம்பைத் தொட்டதே இல்லை, 1500 மீட்டர் ஓட்டம்னாலே ஓடி ஒளியறான். பத்தையும் ஒரு வாரத்துக்குள்ள எப்படி அடக்குறது? இதை நம்பி வேலை கிடைக்குமா?

பெரம்பூர் ட்ராக்:
எந்த மார்க்குக்கு எத்தனை பாயிண்ட்னு சொல்ற பாயிண்ட் டேபிளை முதல்ல பாருங்க. 11.40க்கு 774, 11.20க்கு 817. ஒரு சீசன் பூரா உழைச்சு 0.2 செகண்ட் குறைச்சாலும் 43தான். போல் வால்ட்ல 3 மீட்டருக்கு 357, 4 மீட்டருக்கு 617. அதனால போல் வால்ட்டும் ஹர்டில்ஸும் (110 மீட்டர் தடை ஓட்டம்) முதல்ல. வயசு ஏற ஏற பயம் ஒட்டிக்கும், இப்பவே பழகிடணும்.

கம்பு எவ்வளவு எடை ஆளுக்குன்னு அதுல எழுதியிருக்கும், அது தம்பியோட எடைக்குக் கீழ இருக்கவே கூடாது, அளவுக்கு மீறி வளைஞ்சு உடையும். ஆரம்பத்துல லாங் ஜம்ப் மணல்லயே ஆறு ஸ்டெப் ஓடி, கம்பை வளைக்காம தாண்டட்டும். எகிறும்போது மேல் கை முழுசா நீண்டு, ஊன்றுற காலுக்கு நேர் மேல இருக்கணும். கால் முன்னாடி போயிட்டா கம்பு ஆளைப் பின்னாடி தள்ளும். புதுசா பழகுறவங்க நிறைய பேர் விழறது இதுலதான். பார் வைக்கிறது மெத்தை இருக்கிற இடத்துல மட்டும். பெரியமேடு நேரு ஸ்டேடியத்துல விசாரிங்க.

ஹர்டில்ஸ் இடைவெளி 9.14 மீட்டர். அதை 8.50 ஆக்கி, மூணு ஸ்டெப் தானா வந்த பிறகு தள்ளி வைங்க. எட்டாம எட்டி ஓடினா ஹர்டிலை ஓடித் தாண்ட மாட்டான், குதிப்பான்.

வாரத்துல ரெண்டு நாள் போல் வால்ட்டும் ஹர்டில்ஸும், ஒரு நாள் ஸ்டார்ட்டும் லாங் ஜம்ப்பும், ஒரு நாள் எறியறது எல்லாம், ஒரு நாள் ஹை ஜம்ப்போட 300 மீட்டர் மூணு தடவை. இன்னொரு நாள் 25 நிமிஷம் சும்மா ஓட்டம். 1500ஐ ஒதுக்காதீங்க: 5:00க்கு 560, 4:40க்கு 680.

ராயபுரம் ஸ்பைக்ஸ்:
அண்டர் 20ல ஷாட் (குண்டு) 6 கிலோ, டிஸ்கஸ் (வட்டு) 1.75 கிலோ, ஹர்டில்ஸ் உயரம் 99.1 செ.மீ. சீனியர்ல 7.26 கிலோ, 2 கிலோ, 106.7 செ.மீ. இப்பவே சீனியர் எடையை எறிஞ்சா டெக்னிக் கெட்டுடும்.

லாங் ஜம்ப்புக்கும் எறியறதுக்கும் மூணே சான்ஸ். மூணும் ஃபவுலானா அந்த ஈவென்ட்ல பூஜ்யம். 2018 பெர்லின் ஐரோப்பிய சாம்பியன்ஷிப்ல பிரான்ஸ் டெக்காத்லான் வீரர் கெவின் மேயருக்கே லாங் ஜம்ப்ல அப்படி ஆச்சு. அடுத்த மாசம் பிரான்ஸ்ல இருக்கிற தலான்ஸ்ல 9126 பாயிண்ட் எடுத்து உலக சாதனை! முதல் ஜம்ப்புக்கு ஓட்டத்தை அரை அடி பின்னாடி தள்ளி ஆரம்பிச்சு, ஒரு மார்க்கைப் பத்திரப்படுத்தணும். போல் வால்ட்ல பெஸ்ட்டுக்கு 40 செ.மீ. கீழயே தொடங்கட்டும். எந்த ஈவென்ட்டுக்கும் ஸ்டார்ட் பண்ணாம இருந்தா மொத்தமே போச்சு, கால்ல தசை பிடிச்சாலும் இறங்கி நிக்கணும்.

சிந்தெடிக் ட்ராக்ல ஸ்பைக்ஸ் ஷூவோட ஆணி 9 மி.மீ. வரைக்கும், ஹை ஜம்ப், ஜாவலினுக்கு 12. நம்ம பக்கம் கடல் காத்துல ஆணி துருப்பிடிச்சு இறுகிடும். மாட்டும்போதே மறையில கொஞ்சம் வாஸ்லின் தடவுங்க.

ஐசிஎஃப் பக்கம்:
வேலைக்கு ரயில்வே ஸ்போர்ட்ஸ் கோட்டா உண்டு, வயசு 18 முதல் 25. சர்டிஃபிகேட் எல்லா மீட்டுக்கும் செல்லாது, எந்தெந்தப் போட்டி கணக்குல வரும்னு நோட்டிஃபிகேஷன்லயே போட்டிருப்பாங்க. அதைப் பார்த்து என்ட்ரி போடுங்க. மாறுறதுக்கும் லேட் இல்லை. தேஜஸ்வின் சங்கர் ஹை ஜம்ப்ல பேர் எடுத்த பிறகுதான் ஹாங்ஜோ ஆசிய விளையாட்டு டெக்காத்லான்ல 7666 எடுத்து வெள்ளி வாங்கினார்.

முதல் நாள் கடைசி 400 முடிஞ்சதும் பையனை உட்கார விடாதீங்க. பத்து நிமிஷம் நடக்க வச்சு, உப்புப் போட்ட மோரும் வாழைப்பழமும் கொடுத்து, அரை மணி நேரத்துக்குள்ள இட்லி. நம்ம ஊர் புழுக்கத்துல வெறும் தண்ணியா குடிச்சா மறுநாள் காலை ஹர்டில்ஸ்லயே தொடை பிடிச்சுக்கலாம்.