நைமேகன்: ஈராயிரம் ஆண்டுப் பழமையான நகரில் பழைய கட்டடங்கள் ஏன் இவ்வளவு குறைவு?

மயூர்விகார்வாசி:
மகள் நெதர்லாந்தின் நைமேகனில் படிப்பதால், சென்ற கோடையில் மூன்று வாரம் அங்கே தங்கியிருந்தேன். ரோமப் பேரரசர் டிராஜன் நகர உரிமை வழங்கிய ஊர் என்று அவ்வூரார் பெருமை கொள்கிறார்கள். ஆனால் பிராங்கியப் பேரரசர் சார்லமேனின் அரண்மனை இருந்த ஃபால்க்ஹாஃப் குன்றில் பூங்காவும், ஒரு சிறு தேவாலயமும், மற்றொன்றின் இடிபாடும்தான் எஞ்சியுள்ளன. தில்லியில் மெஹ்ரௌலி முதல் செங்கோட்டை வரை பழஞ்சுவர்களுக்கு நடுவே வாழும் நமக்கு இது விந்தையாக இருக்கிறது. மற்றவையெல்லாம் எங்கே போயின?

கரோல்பாக் வாசகர்:
பலரும் குண்டுவீச்சையே காரணமாகச் சொல்வார்கள். அரண்மனையைப் பொறுத்தவரை அது தவறு. 1155-இல் ஜெர்மானியப் பேரரசர் பிரெடெரிக் பார்பரோசா புதுப்பித்த அந்தக் கோட்டையை, 1796-97-இல் மாகாண ஆட்சியாளர்களே இடிக்கச் செய்து, கல்லைக் காசாக்கினார்கள். அதன் எரிமலைச் சாம்பற்கல்லைப் பொடித்தால் நல்ல சாந்து கிடைக்கும் என்பதால் அதற்கு விலை இருந்தது. கோட்டை நகரங்கள் தேவையில்லை என்று 1874-இல் சட்டம் வந்தபின் நகர மதில்களும் பெரும்பாலும் போயின. வீடுகளும் கடைத்தெருவும் அழிந்த கதை வேறு. 1944 பிப்ரவரி 22 அன்று, ஜெர்மனியின் கோதா நகரை நோக்கிச் சென்று மோசமான வானிலையால் திரும்பிய அமெரிக்க விமானங்கள் நகர மையத்தின் மீது குண்டு வீசியதில் ஏறத்தாழ 800 பேர் இறந்தார்கள். ஜெர்மானிய ஆக்கிரமிப்பிலிருந்து விடுவிக்க வரவிருந்த தரப்பே வீசிய குண்டு என்பதால், அதைப் பற்றி நெடுங்காலம் உரக்கப் பேசவும் முடியவில்லை. அதே ஆண்டு செப்டம்பரில் ஊரின் ஆற்றுப் பாலத்தைக் கைப்பற்ற நடந்த போர் மேலும் பலவற்றை எரித்தது.

யமுனைக்கரை:
முந்தைய பதிலில் ஆறு விடுபட்டுவிட்டது. நைமேகனை ஒட்டி ஓடும் ஆற்றுக்கு வால் என்ற பெயரைக் கேட்டுச் சிற்றாறு என்று எண்ண வேண்டாம். ரைன் நீரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு அதில்தான் ஓடுகிறது. 1995 வெள்ளத்தில் அந்நாட்டின் ஆற்றுப் பகுதிகளிலிருந்து சுமார் 2,50,000 பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதன்பின் எதிர்க்கரையான லெந்தில் வெள்ளத் தடுப்புக் கரையை உயர்த்தாமல் 350 மீட்டர் பின்னுக்குத் தள்ளி, புதிய கிளைக் கால்வாய் வெட்டினார்கள்; அதற்காகச் சுமார் 50 வீடுகள் இடிக்கப்பட்டன. வெள்ள மட்டம் ஏறத்தாழ 35 சென்டிமீட்டர் குறையும் என்பது கணக்கு. 2023 ஜூலையில் யமுனை 208.66 மீட்டரைத் தொட்டுச் செங்கோட்டைச் சுவர் வரை வந்ததைப் பார்த்தவர்களுக்கு, அந்த 35 சென்டிமீட்டர் சிறிதாகத் தோன்றாது.

மயூர்விகார்வாசி:
இருவருக்கும் நன்றி. அந்தக் கால்வாயை நான் இயற்கையான ஆறு என்றே நினைத்துப் படம் எடுத்து வந்திருக்கிறேன். ஆற்றில் நீர் பெருகும் குளிர்காலத்தில் மீண்டும் செல்லும்போது, லெந்துக் கரையில் நின்று பார்ப்பேன்.