சிரிப்பு நாவலில் புராணக் குறிப்பு: தமிழ் அடிக்குறிப்புக்கு உதவி தேவை

வணக்கம். தருமபுரி வாசிப்பு வட்டத்துக்காக ஆங்கில நகைச்சுவை எழுத்தாளர் டெரி பிராட்செட்டின் டிஸ்க்வேர்ல்ட் நாவல்களுக்கு அடிக்குறிப்பு எழுதுகிறோம். இரண்டு இடத்தில் சிக்கல்.

1983இல் வந்த முதல் நாவலிலேயே ஆமை மேல் நான்கு யானைகள், அவற்றின் மேல் தட்டையான உலகம். உடனே அஷ்டதிக்கஜம் (எட்டுத் திசை யானைகள்) என்று எழுதிவிடுகிறோம், எண்ணிக்கை இடிக்கிறது. வால்மீகி ராமாயணத்தின் பாலகாண்டத்தில் சகர மன்னனின் பிள்ளைகள் பூமியைத் தோண்டும்போது காண்பது நான்கே யானைகள்: கிழக்கே விரூபாட்சன், தெற்கே மகாபத்மன், மேற்கே சௌமனசன், வடக்கே பத்திரன். விரூபாட்சன் களைத்துப்போய்த் தலையை அசைத்தால் நிலநடுக்கம். எவ்வளவு அழகான இடம்! ஆனால் அங்கே ஆமை இல்லை. யானைகளும் ஆமையும் சேர்ந்து உலகைத் தாங்கும் தமிழ்ப் பாடல் தெரிந்தவர்கள் நூல் பெயர், பாடல் எண்ணோடு சொல்லுங்கள்.

அடுத்தது, 1988இல் வந்த வியர்ட் சிஸ்டர்ஸ். இடிமின்னலுக்கு நடுவே ஒரு சூனியக்காரி 'மூவரும் மறுபடி எப்போது சந்திப்போம்' என்று அலற, இன்னொருத்தி சாவகாசமாக அடுத்த செவ்வாய்க்கிழமை தோதுப்படும் என்கிறாள். அந்த அலறல் ஷேக்ஸ்பியரின் மெக்பெத் நாடகத்தின் முதல் வரி என்று தெரியாதவருக்கு இதில் சிரிக்க ஒன்றுமில்லை. விளக்கினாலோ சிரிப்பு செத்துவிடும். அந்த வரிக்கு ஈடாக, அதியமானுக்காகத் தூது போன ஔவை தொண்டைமானை இடித்துரைத்த புறநானூறு 95ஐ வைத்துப் பார்த்தோம். தொனி சரி, ஆனால் கேட்டதும் பிடிபடவில்லை. நம் பக்கத்துத் தெருக்கூத்தில் எல்லோருக்கும் பழகிய கம்பீரமான வசனம் ஏதாவது இருந்தால், எந்தக் கூத்து, யார் வாயில் வருவது என்ற விவரத்தோடு எழுதுங்கள்.