வாழும் உயில்: "மெஷின் வேண்டாம்" என்று ஒரு வரி எழுதினால் போதுமா?

வாசல்திண்ணை கேட்டது:

வணக்கம். லிவிங் வில் என்கிற வாழும் உயிலை, அதாவது நான் பேச முடியாத நிலைக்குப் போனால் எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லி வைக்கும் பத்திரத்தை, எழுத உட்கார்ந்திருக்கிறேன். கிடைக்கிற மாதிரிப் படிவங்களில் பெரும்பாலும் "மீள வாய்ப்பில்லாத நிலையில் என்னைச் செயற்கையாக உயிரோடு வைத்திருக்க வேண்டாம்" என்று ஒரே வாக்கியம்தான் இருக்கிறது. ஐசியூ வாசலில் இந்த ஒரு வரி எடுபடுமா? எந்தெந்தச் சிகிச்சையைப் பெயர் சொல்லி எழுத வேண்டும்? முடிவெடுக்கும் பொறுப்பை இரண்டு பிள்ளைகளுக்கும் சேர்த்தே கொடுத்துவிடலாமா? இன்னொரு சிக்கலும் உண்டு. பேச்சை எடுத்தாலே "வாயில நல்ல வார்த்தையே வராதா" என்று எழுந்து போய்விடுகிறார்கள். இவர்களிடம் எப்படிச் சொல்வது?

இரவுப்பணி:

அந்த ஒரு வரி எடுபடாது. "மீள வாய்ப்பில்லை" என்பது முதல் நாளே தெரிகிற விஷயமல்ல. நிமோனியா முற்றி மூச்சுத் திணறுகிறவருக்கு வென்டிலேட்டர் சில நாள் கைத்தாங்கல். நுரையீரல் தேறியதும் குழாயை எடுத்துவிடலாம். நினைவு திரும்பவே வழியில்லாதபடி மூளை சேதமடைந்தவருக்கு அதே கருவி மாதக்கணக்கில் ஓடும். ஆகவே "எது வேண்டாம்" என்று மட்டும் எழுதாமல், "எந்த நிலைமையில் எது வேண்டாம்" என்று எழுதுங்கள்.

மூன்று நிலைமைகளைத் தனித்தனியே யோசித்தால் பெரும்பாலானவை அடங்கிவிடும்: குணமாகாத நோயின் கடைசிக் கட்டம், நினைவு திரும்ப வாய்ப்பில்லாத மூளைச் சேதம், வீட்டு மனிதர்களையே அடையாளம் தெரியாத அளவுக்கு முற்றிய மறதிநோய். ஒவ்வொன்றின் கீழும் சிபிஆர் (நின்ற இதயத்தை மீண்டும் இயக்க மார்பை அழுத்துவது), வென்டிலேட்டர், உணவுக்குழாய் (வாயால் சாப்பிட முடியாதவருக்கு உணவு செலுத்த வைக்கும் குழாய்), டயாலிசிஸ், ஐசியூவுக்கு மாற்றுவது, ஆன்டிபயாடிக் ஆகியவற்றுக்கு "வேண்டும்", "வேண்டாம்", "குறிப்பிட்ட நாள் வரை பார்க்கலாம்" என்று எழுதுங்கள்.

மூன்றாவது பதிலைப் பலர் எழுதுவதே இல்லை. மிகவும் உதவுவது அதுதான். "வென்டிலேட்டரை 7 நாள் முயன்று பாருங்கள். முன்னேற்றம் இல்லை என்று இரண்டு மருத்துவர்கள் சொன்னால் எடுத்துவிடுங்கள்" என்று எழுதியிருந்தால் சேர்ப்பதற்கும் தயக்கமில்லை, எடுப்பதற்கும் தயக்கமில்லை. நாள் கணக்கை உங்கள் மருத்துவரிடம் கேட்டு நிரப்புங்கள். இதயம் நின்று மீண்டவரின் மூளை தேறுமா என்பதைக் குறைந்தது 72 மணி நேரம் போகாமல் சொல்லக்கூடாது. பக்கவாதத்துக்கு இன்னும் அதிக நாள் தேவைப்படலாம். வாய்வழிக் குழாய் இரண்டு வாரத்தை நெருங்கும்போது கழுத்தில் துளையிடும் ட்ரக்கியாஸ்டமி பற்றிப் பேச்சு வரும். அந்தத் துளைக்குச் சம்மதமா என்பதற்கும் ஒரு வரி தேவை.

வென்டிலேட்டரும் உணவுக்குழாயும் வெவ்வேறு முடிவுகள். அமெரிக்காவில் கேரன் ஆன் குவின்லன் 1975-ல் நினைவிழந்தபோது வயது 21. நியூஜெர்சி உச்ச நீதிமன்றம் 1976-ல் அனுமதித்தபின் வென்டிலேட்டரிலிருந்து விடுவித்தார்கள். ஆனால் அவர் தானாக மூச்சுவிடத் தொடங்கினார். உணவுக்குழாயை நிறுத்தும்படி பெற்றோர் கேட்கவில்லை. நினைவு திரும்பாமலே 1985 ஜூன் வரை உயிரோடு இருந்தார். "மெஷின்" என்று மொட்டையாக எழுதினால் குழாயும் அதில் சேர்த்தியா என்று யாருக்கும் தெரியாது.

சிபிஆர் பற்றி முடிவெடுக்குமுன் அது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். மார்பெலும்பு குறைந்தது 5 செ.மீ. உள்ளே போகும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்துவார்கள். வயதானவர்களுக்கு விலா எலும்பு முறிவது சாதாரணம். மருத்துவமனைக்குள்ளேயே இதயம் நின்றவர்களில்கூட ஏறத்தாழ நாலைந்து பேரில் ஒருவர்தான் பிழைத்து வெளியே வருகிறார். முற்றிய புற்றுநோய் உள்ளவர்களில் இன்னும் குறைவு. நல்ல உடல்நிலையில் இருப்பவர் சிபிஆர் வேண்டாம் என்று அவசரப்பட்டு எழுத வேண்டியதில்லை. நோய் முற்றிய நிலைமைகளுக்கு மட்டும் எழுதினால் போதும்.

எல்லோரும் மறப்பது, இதயத்துடிப்பு ஆபத்தாகத் தாறுமாறானால் மின்னதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் ஐசிடி கருவியை நெஞ்சுக்குள் வைத்திருப்பவர்களின் விஷயம். அதிர்ச்சி கொடுக்கும் வேலையை நிறுத்தி வைக்காவிட்டால் உயிர் பிரியும் நேரத்திலும் அது ஷாக் அடிக்கும். நோயாளி தூக்கிப்போடுவதைச் சுற்றி நிற்பவர்கள் பார்க்க நேரும். நிறுத்த அறுவை சிகிச்சை தேவையில்லை, வெளியிலிருந்தே மாற்றியமைக்கலாம். "கடைசிக் கட்டத்தில் ஐசிடியின் ஷாக்கை நிறுத்துங்கள்" என்று எழுதிவிடுங்கள்.

கடைசி வரியாக இது இருக்கட்டும்: "எதை நிறுத்தினாலும் வலிக்கும் மூச்சுத்திணறலுக்குமான மருந்தை நிறுத்தக்கூடாது, மார்ஃபின் உட்பட." வேண்டாம் என்பவற்றை மட்டும் அடுக்கிய காகிதத்தைப் பார்த்து, சிகிச்சையே வேண்டாம் என்கிறாரோ என்று குழம்புகிறவர்கள் உண்டு.

சாட்சிக்கையெழுத்து:

பொறுப்பை இருவருக்கும் சமமாகக் கொடுக்காதீர்கள். ஒருவர் "நிறுத்தலாம்", மற்றவர் "வேண்டாம்" என்றால் மருத்துவர் எதையும் நிறுத்தமாட்டார். விஷயம் நீதிமன்றம் வரை போகலாம். முதல் ஆள் ஒருவர், அவர் கிடைக்காவிட்டால் அடுத்தவர் என்று வரிசைப்படுத்துங்கள். அதிகம் பாசம் உள்ளவரை அல்ல, ஐசியூ வாசலில் மருத்துவரிடமும் உறவுகளிடமும் நின்று பேசக்கூடியவரைத் தேர்ந்தெடுங்கள். அவர் சம்மதித்த பிறகே பெயரை எழுதுங்கள்.

சொல்லாமலே புரிந்துகொள்வார்கள் என்று விட்டுவிட வேண்டாம். 2006-ல் வெளியான ஒரு திறனாய்வு 16 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. நோயாளி எதை விரும்புவார் என்பதை நெருங்கியவர்கள் சரியாகச் சொன்னது 68 சதவீதம் மட்டுமே. அதாவது, மூன்றில் ஒரு தடவை தவறு.

பொறுப்பாளருக்கு எவ்வளவு சுதந்திரம் என்பதையும் எழுதுங்கள். "எழுதியதை அப்படியே பின்பற்ற வேண்டும்" என்பதும் "சூழ்நிலை பார்த்து மாற்றலாம்" என்பதும் முற்றிலும் வேறு. இந்த வரி இல்லாமல்தான் நிறையச் சண்டை.

சாட்சி எத்தனை பேர், யார் சான்றொப்பம் இட வேண்டும் என்பது நாட்டுக்கு நாடு மாறும். உங்கள் ஊர்ச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எங்கிருந்தாலும், சொத்தில் பங்கு உள்ளவரையும் சிகிச்சை தரும் மருத்துவரையும் சாட்சியாக வைக்காமல் இருப்பது நல்லது. மறதிநோயின் தொடக்கத்தில் இருப்பவர் எழுதினால், "இன்று சுயநினைவோடு, புரிந்து எழுதுகிறார்" என்று அதே நாளில் மருத்துவரிடம் சான்று வாங்கி இணைத்துவிட வேண்டும். பின்னாளில் கேள்வி அங்கிருந்துதான் கிளம்பும்.

பெயரில் உயில் என்று இருப்பதால் பலர் இதைச் சொத்து உயிலோடு ஒரே உறையில் போட்டுப் பூட்டுகிறார்கள். சொத்து உயிலைப் பிரிப்பது இறந்த பிறகு! இது உயிரோடு இருக்கும்போது, பெரும்பாலும் நடுராத்திரியில் தேவைப்படுவது. பிரதிகளைப் பொறுப்பாளர் இருவருக்கும் குடும்ப மருத்துவருக்கும் கொடுங்கள். மருத்துவமனைக் கோப்பிலும் ஒன்று இருக்கட்டும். பொறுப்பாளரின் கைபேசியில் படமாகவும் இருக்க வேண்டும். யார் யாரிடம் பிரதி இருக்கிறது என்பதை மூலப்பத்திரத்தின் பின்பக்கம் குறித்து வையுங்கள். திருத்தி எழுதும்போது பழையதைத் திரும்ப வாங்க அந்தப் பட்டியல் வேண்டும். தேதி வேறான இரண்டு பிரதிகள் வெளியே இருந்தால் ஒன்றுமே இல்லாததைவிட மோசம்.

வாசல்திண்ணை:

மிக்க நன்றி. உறுப்பு தானத்துக்கும் பதிவு செய்திருக்கிறேன். "வென்டிலேட்டர் வேண்டாம்" என்பதோடு அது மோதாதா?

இரவுப்பணி:

மோதும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து உறுப்புகளை எடுக்கும் வரை வென்டிலேட்டர் ஓடியாக வேண்டும். "உறுப்பு தானத்துக்காக மட்டும், அதற்குத் தேவையான நேரம் வரை வென்டிலேட்டருக்குச் சம்மதம்" என்று சேருங்கள். இரண்டு காகிதமும் ஒன்றை ஒன்று மறுத்தால் தானம் நடக்காமல் போகலாம்.

தலைமாட்டுவிளக்கு:

வீட்டில் பேசுவது பற்றி யாரும் சொல்லவில்லையே, அதை நான் சொல்றேன்.

எல்லாரையும் கூட்டி வைத்து ஆரம்பிக்காதீங்க. முதலில் பொறுப்பாளரிடம் மட்டும் தனியாக, கையில் காகிதத்தோடு. அவர் கேட்கிற கேள்விகளில்தான் உங்கள் எழுத்தில் எங்கே தெளிவில்லை என்று தெரியும். அதைத் திருத்திய பிறகு மற்றவர்கள். வெளியூரில், வெளிநாட்டில் இருக்கிற பிள்ளையை வீடியோ அழைப்பிலாவது கட்டாயம் சேருங்க. அன்றாடம் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள் மனதைத் தயார்படுத்தியிருப்பார்கள். கடைசி நாளில் விமானம் பிடித்து வருகிறவருக்கு அந்த அவகாசமே கிடைத்திருக்காது. "எல்லாத்தையும் செய்யுங்க டாக்டர்" என்பது பெரும்பாலும் அவர் வாயிலிருந்துதான் வரும். அது பாசம்தான், ஆனால் எழுதி வைத்ததை அதுவே கவிழ்த்துவிடும்.

பேச்சைச் சாவிலிருந்து தொடங்காதீங்க. "எனக்குப் பேச முடியாமப் போனா எனக்குப் பதிலா நீதான் பேசணும். என்ன பேசணும்னு இப்பவே சொல்லிடுறேன்" என்று ஆரம்பித்தால் எழுந்து போகமாட்டார்கள். அனுமதி கேட்கிற தொனி வேண்டாம். "இப்படி எழுதலாமா?" என்று கேட்டால் "வேண்டாம்" என்றுதான் பதில் வரும். "முடிவு பண்ணிட்டேன், காரணத்தைக் கேளு" என்று சொல்லுங்க. காரணம் முக்கியம். "யாரையும் அடையாளம் தெரியாம, கையைக் கட்டிப்போட்டுக் குழாயில சாப்பாடு ஏறுற மாதிரி நான் இருக்கக்கூடாது" என்று நீங்கள் சொல்லி அவர்கள் காதால் கேட்டிருந்தால், பத்திரத்தில் இல்லாத ஒரு நிலைமை வந்தாலும் அதை வைத்து முடிவெடுப்பார்கள்.

எல்லா வீட்டிலும் தடைபடுகிற இடம் உணவுக்குழாய். "பட்டினி போட்டா கொல்லுறது?" என்று கேட்பார்கள். அவர்களுக்கு இதை விளக்குங்க: முற்றிய மறதிநோயில் குழாய் வைப்பது ஆயுளைக் கூட்டுவதாகவோ, புரையேறி வரும் நிமோனியாவைத் தடுப்பதாகவோ ஆதாரம் இல்லை. நோயாளி குழாயைப் பிடுங்குவதால் கையைக் கட்ட வேண்டியும் வரலாம். அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கமும் குழாய்க்குப் பதில் கையால் பக்குவமாக ஊட்டுவதைத்தான் பரிந்துரைக்கிறது. உயிர் அடங்கும் நாட்களில் பசி தானாகவே மட்டுப்பட்டுவிடும். வாய் வறட்சிதான் தொந்தரவு. ஈரப்பஞ்சால் உதட்டையும் நாக்கையும் நனைத்துக்கொண்டே இருக்கலாம். அந்த வேலையைப் பிள்ளைகள் கையிலேயே கொடுங்க. எதுவும் செய்யாமல் நிற்கிறோமே என்கிற தவிப்பு அதில் குறையும்.

பத்திரத்தோடு கையெழுத்தில் ஒரு சின்னக் கடிதமும் வையுங்க: "இது நான் எடுத்த முடிவு. நீங்க அதை நிறைவேற்றுறீங்க, அவ்வளவுதான். என்னை விட்டுட்டோம்னு யாரும் நினைக்க வேண்டாம்." சட்டப்படி இதற்கு மதிப்பு இருக்கோ இல்லையோ, கையெழுத்துப் போடுகிற பிள்ளைக்கு இந்த நாலு வரி வேண்டும்.

சாட்சிக்கையெழுத்து:

விட்டுப்போன ஒன்று. ஆம்புலன்ஸ் ஊழியர்கள் வீட்டுக்கு வந்து வாழும் உயிலைப் படித்துக்கொண்டு நிற்கமாட்டார்கள்; இதயம் நின்றிருந்தால் சிபிஆர் தொடங்கிவிடுவார்கள். பல நாடுகளில் அவர்களைக் கட்டுப்படுத்துவது மருத்துவர் கையெழுத்திட்ட டிஎன்ஆர் உத்தரவுதான் (இதயம் நின்றால் சிபிஆர் செய்ய வேண்டாம் என்பது). நோய் கடைசிக் கட்டத்துக்கு வந்ததும் அதைத் தனியாக வாங்கி, கண்ணில் படுகிற இடத்தில் வைக்க வேண்டும். வீட்டிலேயே இருக்கட்டும் என்று முடிவெடுத்தவர்கள், மூச்சுத்திணறல் வந்தால் முதலில் யாரை அழைப்பது என்ற எண்ணையும் அதன் கீழேயே எழுதி ஒட்டிவிடுங்கள்.