பிரெஞ்சு பிராந்தி, நான்கு எழுத்து: சொல் தேவை

நண்பர்களே, வணக்கம். வெள்ளிக்கிழமை ஒரு துப்பறியும் நாவலின் மொழிபெயர்ப்பைப் பதிப்பகத்தில் தரவேண்டும். அதில் ஒருவர் ஆங்கிலக் குறுக்கெழுத்து போடுகிறார். குறிப்பு: பிரெஞ்சு பிராந்தி, நான்கு எழுத்து. விடை 'மார்க்'. திராட்சையைப் பிழிந்தபின் மிஞ்சும் தோல், விதை, காம்பிலிருந்து காய்ச்சுவது. அடுத்த அத்தியாயத்தில் அதையே குடிக்கவும் செய்கிறார். 'மார்க்' என்றே எழுதினால் பரீட்சை ஞாபகம் வருகிறது. பிரெஞ்சு உச்சரிப்பில் கடைசி எழுத்து ஒலிக்காது, வெறும் 'மார்'. மதுக்கடையில் ஒருவர் "இன்னொரு மார் கொடு" என்று கேட்டால் எப்படி இருக்கும்?
- செ.

'பிழிதேறல்' எனலாமே. சங்க இலக்கியத்தில் பிழி என்றாலே மதுதான். புறநானூறு 56இல் நக்கீரர் "யவனர் நன்கலம் தந்த தண்கமழ் தேறல்" என்கிறார். கப்பலில் வந்த மேலைநாட்டு மதுவுக்கு அன்றே சொல் இருந்தது. தேறு, தெளி, தெள் என்று வேரைப் பிடித்தால் தேன் வரை போகலாம்.
- ந.க.

ஐயா, தேன் வரை போக செ.வுக்கு நேரமில்லை. தேறல் புளிக்கவைத்துத் தெளிந்த மது. பிராந்தி வாலையில், அதாவது காய்ச்சி வடிக்கும் கலத்தில், வடிப்பது. கொன்யாக் என்ற பிரெஞ்சு பிராந்தியைச் செப்பு வாலையில் இரண்டு முறை வடித்து, ஓக் பீப்பாயில் குறைந்தது 2 ஆண்டு வைக்கிறார்கள். 'பிழி' இன்னும் மோசம். பிழிந்த சாறு ஒயினுக்குப் போய்விட்டது, இதற்கு மிஞ்சியது சக்கை. 'சக்கைச் சாராயம்' என்றால் யாருக்கும் புரியும்.

இன்னொன்று. நான்கு எழுத்துக்கு ஆங்கிலப் புதிர்க்காரர்கள் 'ஃபீன்' என்றும் போடுவார்கள், ஒயினை வடித்த பிராந்தி. எழுத்தில் அது அபராதம் என்று பொருள்படும் 'ஃபைன்' மாதிரியே இருக்கும், அதுதான் அவர்களுக்குக் கொண்டாட்டம். நமக்கு அந்த வேலையைப் 'பிராந்தி'யே செய்யும்: வடமொழிப் பிராந்திக்கு மயக்கம் என்று பொருள். நான்கு கட்டமும் சரி. "தெளியாத மயக்கம், பாட்டிலில்" என்று குறிப்பை மாற்றிவிடுங்கள்.
- மு.

சாராயமா? ஜெர்மன் எழுத்தாளர் ரெமார்க்கின் 'வெற்றி வளைவு' நாவலில் பாரிஸில் ஒளிந்து வாழும் அகதி மருத்துவர் ராவிக் கல்வதோஸ் குடிப்பார், நோர்மாந்தி ஆப்பிளில் வடிப்பது. அதை 'ஆப்பிள் சாராயம்' என்றால் பாரிஸே காணாமல் போகும். இவற்றுக்கெல்லாம் பொதுப்பெயர் 'ஓ த வீ', உயிரின் நீர். 'உயிர்நீர்' என வைத்து முன்னொட்டு சேர்க்கலாம்.
- பூ.

சமாரியப் பெண்ணிடம் இயேசு சொன்ன ஜீவத்தண்ணீர் இருக்கிறதே அம்மா! வாசகர் கோயிலுக்குப் போவாரா, கடைக்கா? கொன்யாக்கும் கல்வதோஸும் அப்படியே இருக்கட்டும். மார்க் நாட்டுப்புறத்து முரட்டுச் சரக்கு, சாராயம் என்ற சொல்லின் நெடி அதற்குப் பொருந்தும்.
- மு.

சரி, நாவலில் சக்கைச் சாராயம். இதுவரை மூன்று பேர் தனிமடலில் ஒப்புக்கொண்டார்கள், இரண்டு பேர் அலுத்துப்போய். ஆனால் புதிருக்கு விடை பிராந்தி என்றால் அடுத்த அத்தியாயத்தோடு ஒட்டவில்லை. "பிராந்திதான், ஆனால் சக்கைச் சாராயம்" என்று ஒரு வரி சேர்க்கிறேன்.
- செ.

பெரும்பான்மை இலக்கணம் ஆகாது. "கையில் எவ்வளவு தேறும்?" என்று கேட்கிறோமே, அங்கே தேறுவது மிஞ்சுவதுதானே? ஆகவே பிழிதேறல், பிழிந்தபின் தேறியது. மு. இதற்குப் பதில் சொல்லட்டும்.
- ந.க.